ஒரே அறையில் இரண்டு பரிசுகள்

பெரியவளும் டாக்டர்தான். அதை அவளே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததுதான் அவளுடைய வயிற்றெரிச்சல். அவள் நாய், பூனை, பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவள். மூன்று வயது இளையவளான தங்கை மனிதர்களுக்குப் பார்க்கிறவள். சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்தில் "டாக்டர் வந்தாச்சா?" என்று யாராவது கேட்டால் தங்கையைத் தேடுகிறார்கள் என்று பொருள். பெரியவளைத் தேடினால் "மாட்டு டாக்டர் எங்கே?" என்பார்கள். அவள் மாட்டைத் தொட்டதெல்லாம் படிக்கிற காலத்தில்தான். இருந்தும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். அப்பா செய்வதைத்தான் தாங்க முடியவில்லை. பஸ் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு இரண்டாவது மாடி வீட்டில் தனியாக இருந்தார். உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று பெரியவள் சொன்னால், "சின்னவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்பார். சின்னவளும் அதையேதான் சொல்வாள். உடனே உப்பு பாதியாகும். பெரியவளுக்குக் காதில் புகை வரும்.

அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்குச் சின்னவள் ஏசி வாங்கித் தரப்போகிறாள் என்ற சேதி முன்கூட்டியே கசிந்தது. பெரியவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏசிக்குப் பக்கத்தில் எதைக் கொண்டுபோய் வைத்தாலும் எடுபடாது. அந்த நேரம் பார்த்து, தெருமுனைப் பறவைக் கடைக்காரர் புதிதாக வந்திறங்கிய லவ் பேர்ட்ஸைக் கூண்டோடு அவளிடம் காட்டக் கிளினிக்குக்கு எடுத்து வந்தார். அதில் ஒரு ஜோடி, ஒன்று நீலம், ஒன்று மஞ்சள், ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்து கொஞ்சிக்கொண்டிருந்தது. உயிருள்ள பரிசுக்கு முன்னால் மெஷின் என்ன பெரிய மெஷின் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

அவள் கிளினிக்கில் ஒரு கறாரான விதி உண்டு. புதிய பறவை எதுவானாலும் ஆறு வாரம் தனியறையில் இருந்து, எச்சம் பரிசோதனையான பிறகுதான் வீட்டுக்குப் போக வேண்டும். அழுகிற குழந்தைகளைக்கூட வெறுங்கையோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஆனால் ஆறு வாரம் காத்திருந்தால் ஏசி ஜெயித்துவிடுமே? இரண்டும் துறுதுறுவென்றுதானே இருக்கின்றன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஏசி வருவதற்கு முந்தின நாளே கூண்டை அப்பா கையில் கொடுத்துவிட்டாள்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் ஏசியும் வந்தது. குளிர் வெளியேறாமல் இருக்க ஜன்னல் இடுக்குகளையெல்லாம் சின்னவள் டேப் ஒட்டி அடைத்தாள். எல்லாரும் ஏசிக்குக் கீழே நின்று ஆஹா ஓஹோ என்றபோது, கூண்டு பால்கனியில் அநாதையாகத் தொங்கியது. பெரியவள் முகம் கோணியதை அப்பா கவனித்திருக்க வேண்டும். இரண்டு மகள்களில் யார் மனமும் நோகக்கூடாது என்று பார்த்துப் பார்த்து நடக்கிறவர். கூண்டை எடுத்து வந்து கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

"ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும்மா," என்றார்.

தூசு பறக்குமே என்று சின்னவள் இழுத்தாள். பெரியவள் விடுவாளா? ஜன்னலை இப்படி அடைத்து வைத்தால் மனுஷன் எப்படி மூச்சு விடுவது என்று திருப்பிக் கேட்டாள். இரண்டு பேரும் சொன்னது சரிதான். ஒருத்தி சொன்னதை மற்றவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு வாரத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, வறட்டு இருமல். சின்னவள் தன் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தாள். நிமோனியா என்றார்கள். ஊசி போட்டார்கள், ஊசியை மாற்றினார்கள், காய்ச்சல் இறங்கவில்லை. ஆக்சிஜன் வைக்க வேண்டியதாயிற்று. பெரியவள் பதறித்தான் போனாள். ஆனால் பதற்றத்துக்கு அடியில் இத்துனூண்டு சந்தோஷமும் இருந்தது: எல்லாம் தெரிந்தவள் முதல்முறையாகத் திணறுகிறாள். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே கரித்துக்கொட்டினாள். நினைப்பு போகவில்லை.

மறுநாள் காலை கடைக்காரர் செத்த பறவை ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தார். அந்த லவ் பேர்ட்ஸோடு வந்திறங்கியவை ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுகின்றன என்றார். பெரியவள் முகக்கவசம், கையுறை மாட்டிக்கொண்டு அறுத்துப் பார்த்தாள். கல்லீரலும் மண்ணீரலும் வீங்கிக் கிடந்தன. என்னவென்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கிளி இனத்துப் பறவைகளிடமிருந்து மனிதர்களுக்குத் தொற்றுகிற காய்ச்சல் இது. எச்சம் காய்ந்து பொடியாகி மூச்சோடு உள்ளே போகும். பால்கனியில் இருந்திருந்தால் பெரும்பாலும் காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும். அடைத்த அறையில் ஏசி அதையே சுற்றிச் சுற்றி அப்பா முகத்தில் ஊதியிருக்கிறது. வழக்கமான நிமோனியா ஊசிக்கு இது மசியாது. இதற்கான மருந்து சாதாரணமானது; அவள் அலமாரியிலேயே இருந்தது.

போனை எடுத்தாள். தங்கையின் எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பெரியவள் படுக்க வைத்தாள், சின்னவள் பிழைக்க வைத்தாள் என்று ஆயுசுக்கும் பேசுவார்கள். ஏசி மேல் மட்டும் பழியைப் போட வழி உண்டா என்றுகூட யோசித்தாள். கடைசியில், ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பி, முடிவு வந்த பிறகு சொல்லலாம் என்று போனை மேஜையில் வைத்துவிட்டாள். அது சாக்கு என்பது அவளுக்கே தெரிந்திருந்தது.

பதினொரு மணிக்கு ஒரு தம்பதி, ஆறு வாரம் தனியறையில் இருந்த தங்கள் பறவையை வாங்கிப்போக வந்தார்கள். "தினமும் உங்களைத் திட்டிக்கிட்டேதான் இருந்தோம் டாக்டர். ஆனா நீங்க சொன்னா காரணம் இருக்கும்னு பொறுத்துக்கிட்டோம்," என்று சிரித்தாள் அந்தப் பெண். பெரியவளால் பதிலுக்குச் சிரிக்க முடியவில்லை. அவர்களை அனுப்பிவிட்டு, கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு ஓடினாள்.

சின்னவள் வார்டுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. பெரியவள் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த பேச்சு ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"பறவைதான்டி. நான் குடுத்ததுதான். ஆறு வாரம் வெச்சிருந்து குடுத்திருக்கணும். உன் ஏசி முந்திக்கும்னு அவசரப்பட்டுட்டேன்."

சின்னவள் மருந்தின் பெயரைக் கேட்டாள். உள்ளே போகத் திரும்பியவள் நின்று, "நீயும் அதுங்களைத் தொட்டிருக்கியே. உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

உண்மையில் நேற்றிலிருந்தே பெரியவளுக்கு உடம்பு கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அதற்காகத் தங்கை முன்னால் போய் நோயாளியாக உட்காருவதா? முடியவே முடியாது.

அன்று மாலையே சின்னவள் அப்பா வீட்டுக்குப் போய் டேப்பைப் பிய்த்து ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். முகமூடி போட்டுக்கொள் என்று போனில் பெரியவள் கத்தியதைக் கேட்டு ஒழுங்காகப் போட்டுக்கொண்டாள். கூண்டு கிளினிக்கின் தனியறைக்குப் போனது. இரண்டாம் நாள் காலையில் அப்பாவின் காய்ச்சல் இறங்கியது. கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டார்.

அதைச் சொல்ல வெளியே வந்த சின்னவள், பெஞ்சில் அக்காவின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஏசி, பறவை பற்றியெல்லாம் ஒரு பேச்சும் இல்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கேட்காமல் கொள்ளாமல் புறங்கையை அவள் நெற்றியில் வைத்தாள்.

"எத்தனை நாளா?"

"மூணு நாளா."

சின்னவள் திட்டவில்லை. கையையும் எடுக்கவில்லை. அந்தக் கை குளுமையாக, எந்த அவசரமும் இல்லாமல் இருந்தது. அப்பா ஏன் எதற்கெடுத்தாலும் இவளையே கேட்டார் என்று பெரியவளுக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் பொறாமை இன்னும் கொஞ்சம் கூடித்தான் போனது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருடி," என்றாள்.