அடுத்த மாசம் பார்ப்போம்

வாயில் பிரஷ்ஷோடு படுக்கையறை வழியாக வந்த லிஃப்ட் மெக்கானிக், தன் மனைவி இடது கையால் தலைவாரப் படாத பாடு படுவதைப் பார்த்தான். வலது கை விலாவோடு ஒட்டிக் கிடந்தது. சீப்பு பாதி தூரம் போய், சிக்கி, தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தவள் கண்ணாடியில் அவன் முகத்தைக் கண்டதும் சட்டென்று வலது கையைத் தூக்கி வைத்துக்கொண்டாள். தூக்கியபோது உதட்டைக் கடித்தாள். அந்தக் கடிதான் அவளைக் காட்டிக்கொடுத்தது.

அவனைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். வேலையிடத்தில் அவனுக்குப் பெயர் 'அடுத்த மாசம்'. டீ குடிக்கக் கூப்பிட்டால்கூட அப்படித்தான் சொல்வானாம். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன் என்றும் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அது அநியாயம். அவன் கஞ்சனில்லை, பயந்தவன். அவன் அப்பா மகா ஊதாரி. வாங்கியதெல்லாம் தவணையில்தான். ஒருநாள் கடைக்காரனின் ஆட்கள் வந்து கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். காய்ச்சலோடு அதில் படுத்திருந்த இவனை எழுப்பித் தரையில் படுக்க வைத்துவிட்டுத்தான் தூக்கினார்கள், மரியாதை தெரிந்தவர்கள். அந்தத் தரையின் ஜில்லிப்பு இன்றுவரை அவன் முதுகைவிட்டுப் போகவில்லை.

அதனால் கல்யாணமான புதிதிலேயே வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டான். எது வேண்டுமானாலும் வாய்விட்டுக் கேட்கலாம், ஆனால் அந்த மாதம் வாங்கக் கூடாது. அடுத்த மாதமும் வேண்டுமென்று தோன்றினால் வாங்கிக்கொள்ளலாம். "பாதி ஆசை தானா செத்துடும், பாரேன்" என்பான். செத்தது. பூப்போட்ட திரைச்சீலை செத்தது, அவளுடைய தோல் கைப்பை செத்தது, இரண்டு பேருமாகப் போட்ட ஒரு மலைப்பயணத் திட்டம் மூன்று தடவை செத்தது. ஆரம்பத்தில் அவள் கேலி செய்தாள். "எனக்குப் பசிச்சா அதையும் அடுத்த மாசம் சொல்லவா?" போகப்போக அவனையே மிஞ்சிவிட்டாள். கடையில் ஒரு பொருளை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பந்தயத்தில் ஜெயித்த முகத்தோடு வருவாள். யார் கதவைத் தட்டினாலும் பயப்படாமல் திறக்கிற வீடு அவர்களுடையது. அதில் இருவருக்குமே பெருமைதான், பொய் சொல்வானேன்.

"கையில என்ன?" என்றான்.

"ஒண்ணுமில்லீங்க. அக்குள்ல ஒரு கட்டி. தூக்கினா இழுக்குது."

"எப்போலேருந்து?"

அவள் சீப்பிலிருந்த முடியை எடுத்து விரலில் உருட்டினாள். "சொல்லணும்னுதான் இருந்தேன். தானா போயிடுதான்னு பாத்தேன். எது எதுவோ போச்சுல்ல."

குத்திக்காட்டவில்லை அவள். அப்படிக் குத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். லிஃப்டில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று யாராவது போன் செய்தால், முதலில் அதை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவான். வேலையில் அவ்வளவு கெட்டி. அவன் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, லீவு சொல்லிவிட்டு, அவளை அழைத்துக்கொண்டு கிளம்பினான்.

டாக்டர் இளவயதுப் பெண். அக்குளை அழுத்தினாள், பிறகு மார்பை அழுத்தினாள். அதுவரை பேசிக்கொண்டே இருந்தவள் அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

மனைவி டாக்டரைப் பார்க்காமல் அவனைப் பார்த்தாள். சொல்லலாமா என்று அனுமதி கேட்கிற பார்வை.

"உள்ளதச் சொல்லும்மா" என்றான் அவன்.

"ஏழெட்டு மாசம் இருக்கும் டாக்டர். மாசாமாசம் தொட்டுப் பாப்பேன். சரி, அடுத்த மாசம் சொல்லிக்கலாம்னு விட்டுருவேன்."

"ஸ்கேன் எடுத்துப் பாக்கணும். இன்னைக்கே எடுத்தா நல்லது."

"ரொம்ப செலவாகுமா? அடுத்த மாசம் எடுத்தா பரவால்லையா?" என்றாள் மனைவி. மிகச் சாதாரணமாக, கடையில் நின்று கேட்பதுபோல் கேட்டாள்.

டாக்டர் அவனைத் திரும்பிப் பார்த்தாள். நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது அவனுக்கு. பணம் இருக்கிறது, தாராளமாகவே இருக்கிறது. ஒரு கெட்ட நாள் வந்தால் வேண்டுமே என்று சேர்த்த பணம். அந்த நாள் எப்போதோ வந்து, இத்தனை மாதமாக அவனுக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறது. பணம் பாங்கில் பத்திரமாக இருந்திருக்கிறது.

"இன்னைக்கே எடுங்க டாக்டர்" என்றான். மனைவி அவன் சட்டைக் கையை இழுத்து, "வேற எடத்துல கம்மியா இருக்குமான்னு ஒரு வார்த்த கேட்டுப் பாக்கலாங்க" என்று கிசுகிசுத்தாள்.

"பேசாம வா நீ."

ஸ்கேன் அறைக்கு வெளியே அவன் உட்கார்ந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. எழுந்து வேறு நாற்காலிக்குப் போகவும் தோன்றவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. உலகத்தில் உள்ள எந்த இயந்திரத்தின் சத்தத்தையும் கேட்டு அதன் நோயைச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தவனுக்கு அது ஒன்றுமே சொல்லவில்லை.

அவள் வெளியே வந்தபோது கையில் வெளிர்நீல அங்கி ஒன்று இருந்தது, உள்ளே போட்டுக்கொள்ளக் கொடுத்தது. காகிதமும் துணியும் கலந்தாற்போல் மெல்லியது.

"ஒரு தடவ போட்டுட்டுத் தூக்கிப் போட்டுருவாங்களாம்" என்றாள், நம்பவே முடியாதவள்போல. "கேட்டேன். வேணும்னா எடுத்துட்டுப் போங்கன்னுட்டாங்க. நல்லாத்தானே இருக்கு? அந்த முனையக் கொஞ்சம் புடிங்க."

அவன் பிடித்தான். நடைபாதையின் நடுவே இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று அதை இழுத்து நிமிர்த்தினார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் அங்கியின் வழியாக அவளுடைய உருவம் மங்கலாக, நீலமாகத் தெரிந்தது. டாக்டரின் அறைக்கதவு திறந்தது. நர்ஸ் வெளியே தலையை நீட்டி, "வீட்டுக்காரர் மட்டும் முதல்ல உள்ள வாங்க" என்றாள்.

அவள் தன் பக்கத்து முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவன் மடித்துத் தருவதற்காகக் காத்திருந்தாள்.