மாடியேறிய சமையலறை

சமையலறையின் பின்சுவரை உடைத்தால் தோட்டமே வீட்டுக்குள் வந்துவிடும் என்றாள் என் மனைவி. ஓய்வுபெற்ற மனுஷனுக்கு வேறென்ன வேலை? மேஸ்திரியைக் கூப்பிட்டேன். யானை ஊர்வலம் போகுமளவுக்குச் சுவரை உடைத்தார், மாடித் தளம் இறங்காமலிருக்க இரும்பு முட்டுகள் கொடுத்தார், உத்திரம் நாளைக்கு என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அந்த நேரம் பார்த்து என் மனைவிக்கு ஞானம் பிறந்தது. சாமான்களில் தூசி படியக்கூடாதாம். அவளும் அவள் தம்பியுமாக ஃபிரிட்ஜ், கிரைண்டர், அரிசி டிரம், உலகத்திலுள்ள பாத்திரங்கள் அத்தனையையும் மாடியறைக்கு ஏற்றினார்கள். நான் மேற்பார்வை பார்த்தேன். அந்த அறை இருந்தது உடைத்த சுவருக்கு நேர்மேலே.

திரும்பி வந்த மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

“ஐயா, மேல என்ன வச்சீங்க?”

“பெருசா ஒண்ணுமில்லை. சமையலறையத்தான்.”

முட்டு ஒன்று முனகியது. தளத்தில் மயிரிழைபோல் ஒரு விரிசல். என் கண்ணுக்கு அது ஆறாகத் தெரிந்தது.

“மேல யாரு இருக்கா?”

“அக்காதான்,” என்றான் மச்சினன். “இடம் பண்ண அங்க இருந்த பீரோவைத் தள்ளினேன், அறை வாசல்ல மாட்டிக்கிச்சு. அக்கா உள்ள இருக்கா. போய் இழுக்கவா மாமா?”

“கை வச்சே, தொலைச்சிருவேன்!” என்றார் மேஸ்திரி. “முதல்ல முட்டு.”

மேலிருந்து அவள் குரல்: “என்னங்க, டிரம்மைச் சன்னல் பக்கம் தள்ளிடட்டா?”

“நகராதே!”

கல்யாணமான நாளிலிருந்து நான் அவளுக்குப் போட்ட முதல் உத்தரவு. அவளும் நகரவில்லை. அதிலிருந்துதான் நிலைமை எவ்வளவு மோசமென்று எனக்குப் புரிந்தது.

மேஸ்திரி முட்டுக்கு மேல் முட்டாக நிறுத்தித் திருகினார். விரிசலிலிருந்து என் வழுக்கைமேல் காரை உதிர்ந்தது. துடைக்கக்கூடப் பயந்து நின்றேன். ஒருவழியாக அவர் தலையசைத்ததும் மச்சினன் ஓடிப்போய் பீரோவை அங்குலம் அங்குலமாக இழுத்தான். அவள் இறங்கி வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல், உடைத்த சுவர் வழியாக நேரே தோட்டத்துக்குப் போய் நின்றாள்.

“பாரம் இறங்கணும், அப்பதான் உத்திரம்,” என்றார் மேஸ்திரி. “எடை கம்மியான ஆளா ஒருத்தர் மட்டும் மேல போங்க.”

மச்சினனே இரண்டு பீரோ கனம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“அரிசிய முதல்ல கிண்ணத்துல அள்ளிட்டு வாங்க,” என்றாள் அவள், விரிசலிலிருந்து கண்ணை எடுக்காமல். “மெதுவா. நான் சொல்றப்ப மட்டும் அடுத்த அடி வைங்க.”

ஆபீஸ் காலம் முழுக்க எந்த மேலதிகாரி முன்னாலும் நான் இவ்வளவு மெல்ல நடந்ததில்லை.