அரையடி உயரக் கல்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் 'அங்குலம்' என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷம் பேருந்தை ஓர் அங்குலம் பிசகாமல் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெரு குறுகல். காரின் இடதுபக்கச் சக்கரங்களை நடைபாதைமேல் ஏற்றி நிறுத்தினால்தான் மற்ற வண்டிகள் போக முடியும். போன வருஷம் நடைபாதையைப் புதுப்பித்தவர்கள் விளிம்புக் கல்லை அரையடி தூக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அங்குலம் டிக்கியில் ஒரு சரிவுப் பலகை வைத்துக்கொண்டார். அதைப் போட்டு, வண்டியைச் சாய்வாகக் கொண்டுவந்து, நத்தை போல ஏற்றுவார். வேகமாக ஏற்றுகிறவர்களைக் கண்டால் பொறுக்காது.

"நேரா மோதாதீங்க தம்பி. ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல டயர் நசுங்கிடும். வெளியே தெரியாது. ஒருநாள் திடீர்னு காலை வாரிடும்" என்பார்.

அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து நான்கு வருஷமாகிறது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மழை கொட்டியது. அவளுக்குத் தலைசுற்றி, வாந்தி நிற்கவேயில்லை. வாசலுக்கு வந்ததும் அங்குலத்துக்குப் பலகை நினைவே வரவில்லை. கல்லின்மேல் நேராக ஏற்றினார். முன்சக்கரம் டொம்மென்றது, பிறகு பின்சக்கரம்.

மறுநாள் பார்த்தால் முன்டயரின் பக்கவாட்டில் எலுமிச்சை அளவுக்குப் புடைப்பு. டயர் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"உள்ள நூலு அறுந்துபோச்சு சார். இந்த சைஸ் வியாழக்கிழமைதான் வரும். அதுவரைக்கும் ஸ்டெப்னியில ஓட்டுங்க. பின்டயரையும் கழட்டிப் பாத்துடவா?"

வீட்டில் அவள் தனியாக இருந்தாள். "அதையும் வியாழக்கிழமை பாத்துக்கலாம்" என்று கிளம்பிவிட்டார்.

புதன் காலை ஏழரைக்குத் தொலைபேசி அடித்தது. பொருத்தமான சிறுநீரகம் கிடைத்திருக்கிறது, ஒன்பதரைக்குள் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். ஒரு மணி நேரப் பயணம்தான்.

"என்னங்க, நெசமாவா?" என்று அவள் இரண்டு தடவை கேட்டாள்.

பாதி வழியில், ஆற்றுப்பாலத்தின் நடுவே பின்டயர் வெடித்தது. உட்பக்கம் கிழிந்து தொங்கியது. ஸ்டெப்னி ஏற்கெனவே முன்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது; மாற்ற வேறு டயர் இல்லை. ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாலத்தை அவர்கள் வண்டியே அடைத்துக்கொண்டு நின்றதால், அவர் வரவழைத்த ஆம்புலன்ஸ் பின்னாலிருந்த நெரிசலில் சிக்கியது. அவளால் பத்தடி நடக்க முடியாது. அவளைத் தூக்கிக்கொண்டு நடக்கப் பார்த்தார். இருபதடி தாண்டுவதற்குள் அவளை இறக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

நெரிசல் விலகி, ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று.

"முடிஞ்சவரைக்கும் காத்திருந்து பாத்தோம்மா. அடுத்து இருந்தவங்களுக்குக் குடுத்துட்டாங்க" என்றாள் நர்ஸ்.

அவள் அழவில்லை. அவரைப் பார்த்தாள்.

"கடைக்காரர் பின்டயரைப் பாக்கலையா?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"பாத்துடவான்னு கேட்டாரு. நான்தான் அப்புறம் பாத்துக்கலாம்னு வந்துட்டேன்."

அன்றைய டயாலிசிஸை அங்கேயே ஆரம்பித்தார்கள். நான்கு வருஷமாகக் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. இங்கேயும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரப் போனார்.

"சிஸ்டர், அந்தத் திரையைக் கொஞ்சம் மூடிவிடுங்க" என்றாள் அவள், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டே.

அவர் திரைக்கு வெளிப்பக்கம் நின்றார்.