வாசலில் நின்ற சிரசு

முனிரத்தினத்தின் மேல் இருந்த திருட்டு வழக்கை நீதிமன்றம் தள்ளுபடி செய்த அன்று, அவன் வீட்டுப் பக்கம் ஓர் ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை. கெங்கையம்மன் கழுத்துத் தாலி காணாமல் போயிருந்தது. கருவறைச் சாவி இருந்தது இரண்டே பேரிடம். ஒருவர் தர்மகர்த்தா ரத்தினசாமி, இன்னொருவன் அலங்காரம் செய்யும் முனிரத்தினம். தர்மகர்த்தாவே புகார் கொடுத்த பிறகு, திருடன் யார் என்று ஊருக்குக் குழப்பம் ஏது? ஆதாரம் இல்லை என்றுதானே நீதிபதி சொன்னார், எடுக்கவில்லை என்றா சொன்னார் என்று குடியாத்தம் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் ஆளாளுக்கு வக்கீலாகிவிட்டார்கள். அவன் வேலை பார்த்த ஆம்பூர் ஷூ கம்பெனி மட்டும் அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. ஆனால் கம்பெனி பஸ்ஸில் அவன் பக்கத்து சீட்டில் ஊர்க்காரர்கள் யாரும் உட்காருவதில்லை.

வைகாசியில் சிரசுத் திருவிழா வந்தது. அம்மனின் தலை உருவமான பெரிய சிரசைத் தலையில் சுமந்துகொண்டு ஒருவர் தெருத்தெருவாக வருவார். வீட்டுக்கு வீடு அவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார்கள். இந்த வருஷம் சுமக்கும் முறை ரத்தினசாமிக்கு. முனிரத்தினம் வீட்டு வாசலில் அம்மன் நிற்க வேண்டாம், தாண்டிப் போய்விடலாம் என்று விழாக்குழு பேசி முடித்துவிட்டது. கோர்ட்டு விட்டாலும் சாமி விடவில்லை என்று ஊர் முடிவு கட்டிவிடும். முனிரத்தினத்துக்கு அந்தப் பயம்தான். அவன் மனைவி கெங்கம்மாள் காலையிலேயே கதவைச் சாத்திவிட்டாள்.

பம்பைச் சத்தம் நெருங்கி வந்தது. தாண்டிப் போகும் என்று காத்திருந்தார்கள், போகவில்லை. முனிரத்தினம் கதவைத் திறந்தான்.

வாசலை அடைத்துக்கொண்டு அம்மன் நின்றாள். எத்தனையோ வருஷம் அந்த முகத்துக்கு மஞ்சள் பூசியவன் அவன். அந்தக் கண்கள் இவ்வளவு பெரியவை என்று அவனுக்குத் தெரியாது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. கீழே ரத்தினசாமியை விழாக்காரர்கள் முதுகில் கை கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர் கால்கள் இடத்தை விட்டு நகரவில்லை.

தண்ணீர் ஊற்றாமல் அம்மன் நகர மாட்டாள் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். தன்னைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிவிட்ட மனுஷனின் காலையா கழுவுவது? முனிரத்தினத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கெங்கம்மாள் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அவன் மறுபடி மேலே பார்த்தான். வந்த ஆத்திரம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. உள்ளே போய்க் குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்தான். மஞ்சளும் இல்லை, வேப்பிலையும் இல்லை. குனிந்து அந்தக் கால்களில் ஊற்றினான்.

அப்போதும் கால்கள் நகரவில்லை. பம்பைக்காரர்கள் பயந்துபோய் அடிப்பதை நிறுத்தினார்கள். ரத்தினசாமியின் இரண்டு கைகளும் சிரசைத் தாங்கியிருந்தன. கண்ணீர் தாடை வழியாக வழிந்தது, துடைக்க வழியில்லை.

"முனிரத்தினம் எடுக்கல" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. "அன்னிக்குக் கருவறையப் பூட்டாம வூட்டுக்குப் போய்ட்டவன் நான். எவன் பூந்தான்னு தெரியல. பயத்துல பழிய இவன் மேல போட்டுட்டேன்."

ரத்தினசாமியின் வலது கால் மெல்ல எழுந்தது.

முனிரத்தினம் ஈர மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். கும்பிட்டது அம்மனையா, அவரையா என்று அவன் பிரித்துப் பார்க்கவில்லை.