நாற்பதாவது ஆடு

இதில் ஒரு எழுத்துப் பொய் இருந்தாலும் சொன்ன வாயில் மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இப்போதே கொட்டிப்போகட்டும். கால்நடை ஆஸ்பத்திரியில் நடந்தது நடந்தபடி இதுதான்.

கம்பவுண்டரம்மாவுக்கு அங்கே இருபத்திரண்டு வருட சர்வீஸ். அன்று காலை டாக்டர் அவருக்காக ஒரு கடிதத்தை டைப் அடித்து வைத்திருந்தார். குடற்புழு மருந்தில் தண்ணீர் கலந்ததாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் வேலை போய்விடும்.

"நாப்பது ஆட்டுக்கு மருந்து குடுத்தோம். முப்பத்தொம்பது வயித்துல புழு அப்படியே இருக்கு. என்னம்மா சொல்றீங்க?"

"பேனாவை மூடி வைங்கன்னு சொல்றேன். மருந்தை ஊத்துனது யாரு?"

ஊற்றியது டாக்டரின் மச்சான். கதவில் சாய்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாட்டிலைக் குலுக்கினீங்களா, மச்சான் சார்?"

"குலுக்கறதுக்கு அது என்ன உண்டியலா?"

கம்பவுண்டரம்மா அதே மருந்தில் அலமாரியில் ஒரு வாரமாக நின்ற இன்னொரு பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மேலே தெளிந்த தண்ணீர். அடியில் சுண்ணாம்புபோல் வெள்ளைச் சகதி.

"இது தண்ணியில கரையாது டாக்டர். குலுக்கினா மெதக்கும், விட்டா அடியில போய்ப் படுத்துக்கும். முப்பத்தொம்பது ஆடும் குடிச்சது மேல் தண்ணி. மொத்த மருந்தும் கடைசி ஆட்டுக்கு!"

எல்லோரும் வாசலில் கட்டியிருந்த நாற்பதாவது ஆட்டை எட்டிப் பார்த்தார்கள். அந்த மருந்து புழுவை அடித்துக் கொல்வதில்லை. சர்க்கரையை உறிஞ்சவிடாமல் பட்டினி போட்டே கதையை முடிக்கும். ஆடு மூச்சுவிட்ட திசையில் இருந்த மண்புழுக்கள்கூடப் பிள்ளைகுட்டிகளோடு மதிலேறிப் பக்கத்து மனைக்குக் குடிபோய்க்கொண்டிருந்தன.

டாக்டர் அசரவில்லை. "கதை விடாம கையெழுத்துப் போடுங்க."

"செத்தாலும் போடமாட்டேன். முப்பத்தொம்பதையும் ஓட்டிட்டு வாங்க. ரெண்டு வாரம் கழிச்சு ஒரே ஒரு புழு முட்டை தெரிஞ்சாலும் நானே போயிடறேன்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குலுக்கினார். குலுக்கிய குலுக்கில் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. சுவரில் இருந்த டாக்டரின் பட்டம் கழன்று மச்சான் காலில் விழுந்தது. ஒவ்வொரு ஆட்டையும் எடை போட்டு, ஒவ்வொன்றுக்கும் புதிதாகக் குலுக்கி, எடைக்குத் தக்கபடி ஊற்றினார்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் காலையிலிருந்து மதியம்வரை மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டிக்கொண்டு ஆட்டுப் புழுக்கைகளைச் சோதித்தார். ஒரு முட்டை இல்லை. லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்போதும் இல்லை. கடிதத்தைக் கிழித்தார்.

"சரிம்மா, போய் வேலையைப் பாருங்க."

"கிழிச்சா ஆச்சா? இன்னொண்ணு அடிங்க. அம்மா கலக்கலை, மச்சான் குலுக்கலைன்னு. கையெழுத்து நீங்க போடுங்க."

போட்டார். அது இன்றும் மருந்து அலமாரியில் ஒட்டியிருக்கிறது.

அந்த ஆஸ்பத்திரிக்கு, திறந்த நாளிலிருந்து, குடற்புழு மருந்து மாத்திரையாக மட்டும்தான் வருகிறது; பாட்டிலில் ஒருநாளும் வந்ததில்லை. சொன்ன வாயில் பல் ஏதும் மிச்சமிருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.