லிஃப்ட் ஓடாத கட்டடம்

உடல் பருமனைக் குறைக்க அரசாங்கம் ஒரு தேசியத் திட்டம் போட்டது. அதன்படி, உடம்புக்கு முடியாதவர்களைத் தவிர அரசு ஊழியர் யாரும் லிஃப்டில் ஏறக் கூடாது. ஒரு வருஷம் கழித்து, திட்டம் பலித்ததா என்று பார்க்கும் வேலை புள்ளியியல் அதிகாரியின் தலையில் விழுந்தது. அவள் கறாரான பேர்வழி. பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்தால் எடை என்ன என்று கேட்பதோடு விடமாட்டாள், எந்தத் தராசில் நிறுத்தீர்கள் என்றும் கேட்பாள்.

எந்த அலுவலகத்திலும் சராசரி எடை அசைந்து கொடுக்கவில்லை. பாசனத் துறைத் தலைமையகத்தில் மட்டும் மளமளவென்று இறங்கியிருந்தது. அவளுடைய மேலதிகாரியான செயலாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"அந்த ஒரு ஆபீஸ் போதும்மா, பெரிய விழா எடுத்து ஜமாய்ச்சுடலாம். நேர்ல பார்த்துட்டு வந்து நாலு வரி எழுதிக் குடுங்க."

அவளுக்கும் உள்ளூர சந்தோஷம்தான். அவளுடைய அண்ணன் அங்கே நாலாவது மாடியில் கண்காணிப்பாளர், கனத்த சரீரம். போன வாரம் பார்த்தபோது இளைத்த மாதிரியே தெரியவில்லை. கூடப் பிறந்த கண்ணுக்குத் தெரியாது போல என்று விட்டுவிட்டாள். அண்ணிதான், "தினம் நாலு மாடி ஏறுறாரு, பாவம்" என்று சாப்பாட்டை இரட்டிப்பாகக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மூச்சு வாங்க நாலாவது மாடிக்கு வந்து சேர்ந்தாள் அதிகாரி. அங்கே எல்லாரும் ஒல்லிக்குச்சிகள். முதல் மேஜையில் இருந்த எழுத்தரிடம், "எவ்வளவு குறைஞ்சீங்க?" என்று கேட்டாள்.

"நான் எங்க மேடம் குறைஞ்சேன்? கல்யாணத்துக்குத் தச்ச சட்டை இன்னும் அப்படியே பொருந்துது."

"அப்ப யாருதான் குறைஞ்சா?"

எழுத்தர் தயங்கித் தயங்கி ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். கீழே, பின்பக்கம், பழைய கோப்புகள் வைக்கிற, மாடியே இல்லாத கட்டடம். படி ஏற அலுத்துக்கொண்ட கனத்த ஆசாமிகள் ஒவ்வொருவராக அங்கே மாற்றல் வாங்கிப் போயிருந்தார்கள். அந்தக் கட்டடம் வேறு கணக்கில் இருந்ததால் யாரும் அங்கே தராசை எடுத்துப் போகவில்லை. வாசலில் வட்டமாக உட்கார்ந்து ஒரு கூட்டம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நடுநாயகமாக அண்ணன்.

அவள் கீழே இறங்கிப் போனாள். அண்ணனுக்குக் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை.

"நீ என்ன வேணா எழுதிக்கோம்மா. உங்க அண்ணி காதுக்கு மட்டும் போயிடக் கூடாது."

"பொய் சொல்லி ரெட்டைச் சாப்பாடு வேறயா?"

"சொன்னா நிறுத்திடுவாளேம்மா!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, பேர் எதுவும் போடாமல் உள்ளதை உள்ளபடி எழுதி, செயலாளரிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"எடை குறைஞ்சுதா இல்லையா? அதைச் சொல்லுங்க."

"குறையல சார். பின்னாடி கட்டடத்துக்குப் போயிருக்கு."

அவர் முகம் தொங்கிப் போயிற்று. பிறகு தன் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். பொதுமக்கள் வசதிக்காக என்று ஆறாவது மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு அவரும் போன மாதம்தான் இறங்கி வந்திருந்தார். அடக்க முடியாமல் சிரித்துவிட்டு, ஒரு வரிகூடத் திருத்தாமல் கையெழுத்துப் போட்டார். விழா கைவிடப்பட்டது. பழையபடி லிஃப்ட் ஓடியது. சாப்பாட்டுக் கூடத்தில் என்ன போடுகிறார்கள் என்று இனிமேல் பார்ப்பதாக முடிவாயிற்று.

அறிக்கை எப்படியும் வெளியே வரும் என்று பயந்து, அண்ணன் தானே அண்ணியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அன்று சாயங்காலமே அண்ணி நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? ஆபீஸ்ல நாலு மாடி ஏறுற மனுஷன், துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போங்கன்னா முட்டி வலிக்குதுங்கறாரு!"

"தெரிஞ்சும் ஏன் அண்ணி அவ்வளவு கட்டிக் குடுத்தீங்க?"

"அவரு ஆசையாச் சாப்பிடறாரு, நான் என்ன பண்றது?" என்றாள் அண்ணி. உடனே குரலை உயர்த்தி, "ஏங்க, அந்த வாளியை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போங்க" என்றாள்.