பின்பெட்டியில் உஸ்மா

பிராக் என்கிற ஊர் வலது பக்கம் இருக்கிறது. அது ஒன்று மட்டும் ரஹமத்துன்னிசாவுக்கு உறுதியாகத் தெரியும். முந்தின நாள் மகள் உஸ்மா வீடியோ காலில் மேப்பைக் காட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தாள். "இதோ பாருங்க அம்மி, நாங்க இருக்கிற ஊர் இது. ரயில் இப்படியே வலது பக்கமா போகும். நடுவுல நாடு மாறிடும். அப்புறம் பிராக்." ஜெர்மனியில் கூடப் படிக்கிற நாலு பேரோடு சனி, ஞாயிறு சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். தான் எங்கே போனாலும் அம்மி பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று சொல்லி, சனிக்கிழமை காலை ரயில் ஏறியதும் லைவ் லொகேஷனையும் அனுப்பிவிட்டாள். கூடவே ஒரு போட்டோ. பிளாட்பாரத்தில் ஐந்து பேர் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஓரத்தில் தலையில் துப்பட்டா சுற்றிய உஸ்மா. அவள் தோளில் கை போட்டபடி சிவப்பு ஜாக்கெட்டில் வினோதினி, நம்ம கீழ்பென்னாத்தூர்ப் பெண். மற்ற மூன்று பேரும் எந்தெந்த ஊரோ.

அன்றைக்குத் திருவண்ணாமலையில் பௌர்ணமி. கணவர் ஜியாவுல்லா வைத்திருக்கிற மெத்தைக் கடையில் மெத்தை விற்காத நாள் அது. கிரிவலம் வந்து ராத்திரி எங்காவது படுத்து எழ பிளாஸ்டிக் பாய் கேட்டு வெளியூர்க்காரர்கள் மொய்த்துவிடுவார்கள். அவர் காலையிலேயே கடைக்குப் போய்விட்டார். ரஹமத்துன்னிசா வீட்டு வேலைகளுக்கு நடுவே போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேப்பில் மகளின் முகம் போட்ட சின்ன வட்டம் நகர்ந்துகொண்டே இருந்தது. பார்க்க நிம்மதியாக இருந்தது.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது வட்டம் வலது பக்கம் போகவில்லை. நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

போனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். அதுவும் கூடவே திரும்பிக்கொண்டது. சென்னைக்குப் போக விழுப்புரம் சுற்றிப் போகிற வண்டி மாதிரி இதுவும் சுற்றிப் போகும்போல என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் வட்டம் வளையவே இல்லை. பச்சை நிறமாக இருந்த ஓர் இடத்தில் போய் நின்றது, நின்றதுதான். பக்கத்தில் இருந்த ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். வாயில் நுழையவில்லை. பிராக் இல்லை என்பது மட்டும் புரிந்தது.

போன் போட்டாள். யாரோ ஒரு பெண்குரல் புரியாத மொழியில் ஏதோ சொல்லிவிட்டு அறுந்துபோனது. மறுபடி போட்டாள். மறுபடி அதே குரல். "எங்க இருக்க?" என்று அனுப்பிய மெசேஜில் ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது டிக் விழக் காணோம்.

யாரைக் கேட்பது? கூடப் போனவர்களில் ஒருத்தர் நம்பரும் இல்லை. வினோதினியின் அப்பா வேணுவை மட்டும் நினைவிருந்தது. பெண்கள் விமானம் ஏறின அன்று சென்னை ஏர்போர்ட்டில் இரண்டு குடும்பமும் பார்த்துக்கொண்டபோது, "கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிர்லயே நம்ம உரக்கடை, மேலயே வீடு, வந்தா வாங்க" என்று சொல்லியிருந்தார். கணவருக்குப் போன் போட்டுக் கீழ்பென்னாத்தூர் போய்வருவதாகச் சொன்னாள். கடை இரைச்சலில் அவர், "ஆங், ஆங், போயிட்டு வா" என்றார். எங்கே, எதற்கு என்று காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

பௌர்ணமிக்கு பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். திண்டிவனம் ரோட்டுப் பக்கம் என்று ஒருவர் சொன்னார். அவலூர்பேட்டை ரோட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். ஆட்டோக்காரர் ஒரு தடுப்புக்கு முன்னால் இறக்கிவிட்டு, இதுக்கு மேல வண்டி போகாது என்று திரும்பிக்கொண்டார். கூட்டம் ஒரு பக்கம் போனது, அவள் எதிர்ப்பக்கம் போனாள். வழியில் ஆந்திராவிலிருந்து வந்த பெண்கள் நாலைந்து பேர் அவளை நிறுத்தித் தெலுங்கில் ஏதோ வழி கேட்டார்கள். பிறந்து வளர்ந்த ஊரில், தான் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று அவளுக்கே அப்போது பிடிபடவில்லை. தோன்றிய திசையில் கையைக் காட்டினாள். சிறிது தூரம் போன பிறகுதான் தப்பாகக் காட்டிவிட்டோமோ என்று உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். அவர்களைக் காணவில்லை.

கீழ்பென்னாத்தூரில் இறங்கியபோது நாலு மணி இருக்கும். உரக்கடையில் வேணு யாருக்கோ மூட்டை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் பேச என்னவோ தயக்கம். பக்கவாட்டுப் படியில் ஏறி மேலே போனாள். கதவைத் திறந்த அருணாதேவிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

"உஸ்மாவோட அம்மாங்க. ஏர்போர்ட்ல பாத்தமே."

"அய்யோ, வாங்கக்கா, வாங்க. உள்ள வாங்க. இந்த வெயில்ல வந்திருக்கீங்களே, ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"நம்பர் இல்லீங்க. உஸ்மாவுக்குப் போன் போகல. வினோதினியக் கேட்டா தெரியும்னு வந்தேன். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான போயிருக்காங்க."

"எங்க போயிருக்காங்க?"

"பிராக்குக்கு."

அருணாதேவி தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றாள். "இல்லக்கா. வினோதினி ரூம்லதான் இருக்கா. திங்கக்கிழமை பரீட்சை. காலையில கூடப் பேசினாளே. ஊரு சுத்தக் கூப்டாங்க, நான் போகலம்மான்னு சொன்னா."

ரஹமத்துன்னிசா ஒன்றும் யோசிக்காமல் போட்டோவை எடுத்துக் காட்டினாள். அருணாதேவி அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். சிவப்பு ஜாக்கெட்டைப் பார்த்தாள். பின்னால் நின்ற ரயிலைப் பார்த்தாள்.

"இது எப்ப எடுத்தது?"

"இன்னைக்குக் காலையில அனுப்பினா."

"அனுப்பினது இன்னைக்கா இருக்கும். எடுத்தது எப்பவோ."

அப்படியும் இருக்குமோ? ரஹமத்துன்னிசாவுக்கே சந்தேகம் வந்தது. அருணாதேவி தன் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். வெகுநேரம் அடித்த பிறகு வினோதினி எடுத்தாள்.

"என்னம்மா?"

"எங்கடி இருக்க?"

"ரூம்லதாம்மா. படிச்சிட்டிருக்கேன்."

பின்னால் ஒலிபெருக்கியில் யாரோ எதையோ அறிவித்தார்கள். பெட்டியை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"என்னடி சத்தம்?"

"பக்கத்து ரூம்ல டிவிம்மா."

"உஸ்மா எங்க?"

"உஸ்மாவா? தூங்கறாம்மா. நான் அப்புறம் பேசறேன்." வைத்துவிட்டாள்.

அருணாதேவி நிமிர்ந்து பார்த்தாள். "பாத்தீங்களா? ரூம்ல தூங்கறாளாம்." அதைச் சொன்ன குரலில் பாதிக்கு மேல் நம்பிக்கை இல்லை.

ரஹமத்துன்னிசா மேப்பை மறுபடி திறந்தாள். உஸ்மா ரூமில் தூங்குகிறாள் என்றால் மேப்பில் போனது யார்? போனை எவனாவது திருடிக்கொண்டு போகிறானா? இல்லை, பிராக் என்று சொன்னதே பொய்யா? எல்லாவற்றையும் என்னிடம் சொல்கிற பெண் என்று இத்தனை நாள் அக்கம்பக்கத்தில் பெருமை பேசியிருக்கிறாள். அந்தப் பெருமையை நினைத்ததும் முகம் சூடாகிவிட்டது. வினோதினி சொல்வது பொய் என்றால் உஸ்மாவைக் காணவில்லை. உண்மை என்றால் உஸ்மா பொய்க்காரி. எது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது என்றே விளங்கவில்லை.

அப்போது அவள் போன் அடித்தது. முன்பின் தெரியாத வெளிநாட்டு நம்பர். பதற்றத்தில் பச்சையைத் தொடுகிறபோதே விரல் பட்டு ஸ்பீக்கரும் திறந்துகொண்டது.

"அம்மி, நான்தான்."

வீட்டில் பேசுவதுபோல் உருதுவில்தான் உஸ்மா பேசினாள். ரஹமத்துன்னிசா அழுதுகொண்டே என்ன ஆச்சு என்று கேட்க, அவள் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போனாள். "எனக்கு ஒண்ணும் ஆகல, அழாதீங்க. போன்ல சார்ஜ் போயிடுச்சு. நான் ஒரு பேக்கரியில இருக்கேன், இந்த அம்மா போன் குடுத்தாங்க. எனக்கும் வினோதினிக்கும் ரயில்ல சண்டை. ரூம்லயே இருக்கேன்னு அவ அவங்க அம்மாகிட்ட சொல்லியிருக்கா. அவங்க கேட்டா நீயும் அப்படியே சொல்லுன்னு என்கிட்ட சொன்னா. என்னால பொய் சொல்ல முடியாதுன்னு சொல்லிட்டு நான் எழுந்து கடைசிப் பெட்டியில போய் உக்காந்துட்டேன். அது ரெண்டா பிரியற ரயில் அம்மி. முன்னாடி பாதி பிராக்குக்கு, பின்னாடி பாதி வேற எங்கயோ. எனக்குத் தெரியாது. ஏதோ ஊர்ல கொண்டுவந்து விட்டுடுச்சு."

அருணாதேவி ரஹமத்துன்னிசாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு புரியவில்லை. நடு நடுவே மகளின் பெயர் மட்டும் புரிந்தது.

"அம்மி, ஒண்ணே ஒண்ணு," என்றாள் உஸ்மா. "வினோதினி அம்மா எங்கயாவது கேட்டா, நீங்க எதுவும் சொல்லிடாதீங்க. அவ பாவம். அவளுக்கு மட்டும் போகணும்னு ஆசை இருக்காதா?"

பொய் சொல்ல மாட்டேன் என்று சண்டை போட்டுவிட்டு வந்தவள், இப்போது அம்மாவைப் பொய் சொல்லச் சொல்கிறாள். இதில் எதைக் கண்டிப்பது? அடுத்த ரயிலில் பிராக் போய்ச் சேர்ந்துகொள்வதாகச் சொல்லிவிட்டு உஸ்மா வைத்துவிட்டாள்.

"என்னக்கா? நல்லா இருக்காளா?"

"நல்லாத்தான் இருக்கா. போன்ல சார்ஜ் இல்லையாம்."

"வினோதினி பேரு வந்துச்சே?"

ரஹமத்துன்னிசா வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்லத்தான் திறந்தாள். "ரெண்டு பேரும் ரூம்லதான் இருக்காங்களாம்," என்றாள். "அந்தப் போட்டோ போன மாசம் எடுத்ததாம். எனக்குத்தான் சரியாப் புரியல."

சொன்ன வேகத்தில் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. அருணாதேவி பெரிய மூச்சாக விட்டாள். அப்படியே நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "நான் சொல்லல? எம் பொண்ணு என்கிட்ட மறைக்க மாட்டா. இருங்க, காபி போடறேன்" என்று எழுந்து உள்ளே போனாள்.

காபி வந்தது. ரஹமத்துன்னிசாவால் குடிக்க முடியவில்லை. எதிரே அருணாதேவி, மகள் சின்ன வயதில் எப்படிப் படித்தாள், அப்பா வேண்டாம் என்றபோது தான் எப்படிச் சண்டை போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பினாள் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஊரு சுத்தறது மட்டும் வேணாம்னு அவ அப்பாகிட்ட நான்தான் வாக்கு குடுத்திருக்கேன். அதான் பயந்துட்டேன்" என்றாள். ரஹமத்துன்னிசா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

அருணாதேவியின் போன் அடித்தது. மறுபடி வினோதினி. ஸ்பீக்கரை அவள் மாற்றியிருக்கவில்லை.

"அம்மா..." என்று ஆரம்பித்ததுமே குரல் உடைந்துவிட்டது. "அம்மா, நான் பொய் சொல்லிட்டேம்மா. ரூம்ல இல்ல. பிராக் ஸ்டேஷன்ல நிக்கறேன். உஸ்மாவக் காணோம்மா. என்னாலதாம்மா போனா. போலீஸ்கிட்ட சொல்லலாம்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. அவங்க அம்மாவுக்கு எப்படிம்மா சொல்றது?"

அருணாதேவி போனைப் பார்க்கவில்லை. ரஹமத்துன்னிசாவைப் பார்த்தாள். அவள் கையில் இருந்த காபி டம்ளரைப் பார்த்தாள். கோபமா, வருத்தமா என்று அந்தப் பார்வையில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அழாத," என்றாள் மகளிடம். "உஸ்மா நல்லாத்தான் இருக்கா."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அவங்க அம்மா இங்கதான் உக்காந்திருக்காங்க."

அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது. "அங்கயா? நம்ம வீட்லயா? ஏம்மா?"

அருணாதேவி போனை ரஹமத்துன்னிசாவிடம் நீட்டினாள். அவள் வாங்கி, உஸ்மா அடுத்த வண்டியில் வருகிறாள், அங்கேயே நில்லுங்கள், எங்கேயும் நகர வேண்டாம் என்று சொன்னாள். வினோதினி "சரிங்க ஆன்ட்டி, சரிங்க ஆன்ட்டி" என்று விசும்பிக்கொண்டே இருந்தாள்.

அருணாதேவி போனை வாங்கி மேசை மேல் கவிழ்த்து வைத்தாள்.

"நீங்களும் ஏங்க்கா?" என்றாள். "அவ சின்னப் பொண்ணு. பயத்துல சொன்னா. நீங்க?"

"தெரியலீங்க. உண்மையத்தான் சொல்ல வந்தேன். வேற வந்துடுச்சு." கண் கலங்கியது. "தப்புதாங்க."

படியில் காலடி கேட்டது. வேணு கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ரஹமத்துன்னிசாவைக் கண்டதும் வணக்கம் சொல்லிவிட்டு, "இன்னா விசேஷம்? புள்ளைங்க நல்லா இருக்குதுங்களா?" என்றார்.

ரஹமத்துன்னிசா தலையைக் குனிந்துகொண்டாள். இந்த முறை வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.

"நல்லா இருக்குதுங்க," என்றாள் அருணாதேவி. "ரெண்டும் ரூம்ல உக்காந்து படிக்குதுங்களாம். அக்கா பௌர்ணமிக் கூட்டத்துல பஸ் மாறி ஏறி இங்க வந்துட்டாங்க."

"அதான பாத்தேன். இன்னைக்கு எந்த பஸ்ஸு எங்க போவுதுன்னு எவனுக்கும் தெரியாது," என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார். அருணாதேவி ரஹமத்துன்னிசாவின் பக்கம் திரும்பவே இல்லை. ஆறிய காபியை எடுத்துக்கொண்டு போய்ச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தாள். அதை முழுக்கக் குடித்த பிறகுதான் கிளம்பவிட்டாள்.

வீடு திரும்பி, ராத்திரி ஒன்பது மணி வாக்கில் உஸ்மாவிடமிருந்து மெசேஜ் வந்தது. பிராக் வந்துவிட்டாள். வினோதினி ஸ்டேஷனிலேயே கட்டிக்கொண்டு அழுதாளாம். ஆனால் இப்போது பேசவில்லையாம். 'ஏன்னு தெரியல அம்மி' என்று எழுதியிருந்தாள். தான் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்ததை உஸ்மாவின் வேலை என்று அவள் நினைத்துவிட்டாள்போல என்று ரஹமத்துன்னிசாவுக்குத் தோன்றியது.

அன்றைக்கு ஜியாவுல்லா நேரம் கழித்துத்தான் சாப்பிட வந்தார். ரஹமத்துன்னிசா எதையும் மறைக்காமல் முதலிலிருந்து சொன்னாள். யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதில் அவளே இரண்டு தடவை குழம்பித் திருத்திக்கொண்டாள். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

"எல்லாம் சரி," என்றார். "ஓடற ரயில எதுக்கு ரெண்டா பிரிக்கறான்?"

"அது எனக்கும் தெரியாது," என்றாள் அவள்.